தலைவர் வாங்கிக் கொடுக்காத வேலை

போன வருடம் அட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். நஸார் ஹாஜியாரின் ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஷெரோமிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யார்? தலைவர் செல்லசாமி. கடலை விற்கிறவரும் அதையே சொன்னார், லிந்துலை பஸ் கண்டக்டரும் அதையே சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. அண்டப் புளுகு அது. அந்தப் புளுகு எங்கே பிறந்தது, யார் யார் பாலூற்றி வளர்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருக்கிற குணம் எனக்கு இல்லை.

நான் யூஜினா. அட்டனில் கணக்கு டீச்சர். ஷெரோமியும் நானும் லிந்துலைப் பக்கம் ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். அவளுடைய அப்பா றோலண்ட் ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறார். அம்மா சிசிலி மலையில் கொழுந்து எடுக்கிறவர். ஏ.எல். பரீட்சை முடித்ததும் நான் வாத்தியார் வேலைக்கு அலைந்தேன். ஷெரோமி எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் போகிற வழியில் கொழும்புக்குப் போனாள். மற்றவர்கள் துணிக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போக, இவளுக்கு ஒரு ஜிம்மில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. வருகிறவர்களின் கார்டைப் பார்க்க வேண்டும், துவாய் கொடுக்க வேண்டும், பாட்டுப் போட வேண்டும். மீதி நேரத்தில் அவள் பயிற்சி கொடுக்கிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒருநாள் நடந்ததை அவள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண், சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பயிற்சி கொடுக்கிறவன், கையைப் பார்த்தால் தொடை மாதிரி இருக்கும், அந்தப் பெண்ணின் தோளில் இரும்புக் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும்பச் சொல்லியிருக்கிறான். இரண்டாவது தடவை அவள் எழும்பவில்லை. ஆளைத் தூக்கித்தான் வேனில் ஏற்றினார்கள். அந்தப் பெண் பிறகு அங்கே வரவேயில்லை. அவனுக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்ததாம். "இது எவ்வளவு நாள் படிச்சீங்க?" என்று ஷெரோமி கேட்டாள். ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஹோட்டல் மண்டபத்தில், பகல் சாப்பாட்டோடு.

ஷெரோமிக்கும் கோபம் வரும். என்னைப் போலக் கத்தமாட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் பயிற்சியாளராக வேண்டும் என்று நினைத்தாள். பிறகு நாட்டுக்கு வந்த நெருக்கடியில் அந்த ஜிம்மை மூடினார்கள். அவள் ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தவள் சான்றிதழ் தேட ஆரம்பித்தாள். அந்த இரண்டு நாள் சமாசாரம் கண்டிக்கும் வந்திருந்தது. அவளுடைய அண்ணன் ஜூட்சன் தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு அதுதான் சரியென்று பட்டது. "ரெண்டு நாள்ல முடியிறத ஏன் இழுத்துக்கிட்டுத் திரியிற? சுவத்துல மாட்டுனா எல்லாம் ஒண்ணுதான்" என்றான். சுவரில் மாட்டுவதைப் பற்றி அவளிடம் சொல்லக்கூடாது என்று அவனுக்குத் தெரியாது. வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்று இருந்தது, வீட்டிலிருந்தபடியே கொம்பியூட்டரில் படித்து எழுதலாம். அதில் சேர என்னிடம் இரண்டு நாள் யோசனை கேட்டாள். கடைசியில் அவளே வேண்டாமென்றாள். "நான் ஒரு ஆளத் தூக்கவைக்கிற நேரம் பக்கத்துல நின்னு பாத்து, நீ செய்றது பிழைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும் யூஜினா. கொம்பியூட்டர் எப்படிச் சொல்லும்?"

மூன்றாவது, அரசாங்கம் ஏற்றுக்கொள்கிற தொழில் தகுதி, என்.வீ.கியூ. மாதக்கணக்கில் வார இறுதிகளில் கண்டிக்குப் போகவேண்டும். படிப்பு சிங்களத்தில். கடைசியில் வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்முறைப் பரீட்சை வைப்பார். தமிழில் ஏன் இல்லை என்று நான் அன்றைக்குக் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன், யாரும் பதில் சொல்லப் போவதில்லை. கொழும்பில் கிடந்தவளுக்குச் சிங்களம் பேச நன்றாக வரும். வாசிப்பதுதான் நத்தை மாதிரி. தசைகளின் பெயர்களைச் சிங்களத்தில் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபமாலை சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பரீட்சையில் அவளுக்குக் கொடுத்தது ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரை. வந்ததும் அந்த மனிதர் பெரிய எடையைத் தூக்கப் போனார். இவள் விடவில்லை. நெஞ்சு வலி வந்ததா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், தலை சுற்றுமா என்று உட்காரவைத்துக் கேட்டாள். இரத்த அழுத்தம் இருந்தது. அன்றைக்கு நடக்கவும் மூச்சு விடவும் மட்டும் பழக்கினாள். நேரம் போய்விட்டது, தோற்றுவிட்டேன் என்று வெளியே வந்து அழுதிருக்கிறாள். பரீட்சகர் அம்மா கூப்பிட்டு, "ஹொந்தய், நல்லது, உன்னிடம் என் புருஷனை அனுப்பலாம்" என்று சிங்களத்தில் சொன்னாராம். இதுதான் ஷெரோமியின் சான்றிதழ். இதற்குள் எந்தத் தலைவரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், வருவார்.

அட்டனில் நஸார் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்தான் ஜிம். காலையிலும் இரவிலும் ஆண்கள். பின்னேரம் பெண்கள் நேரம் ஒன்று வைக்கவேண்டும் என்று ஹாஜியாரின் மனைவி றுமைஸா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டவுனில் இருக்கிற முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஆண் பயிற்சியாளரிடம் போகமாட்டார்கள். பெண் ஒருத்தி வேண்டும். விளம்பரம் போட்டார்கள். ஷெரோமியும் இன்னொரு பெண்ணும் வந்தார்கள்.

றுமைஸா கேள்வி எதுவும் கேட்கவில்லை. "எனக்குப் பிள்ளை பெத்ததிலிருந்து முதுகு வலி. என்னையே செய்ய வைங்க, பாப்போம்" என்றார். முதலில் வந்த பெண் கையில் எடையைக் கொடுத்து உட்காரவும் எழும்பவும் வைத்தாள். மறுநாள் றுமைஸாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சில நாள் கழித்து வந்த ஷெரோமி, றுமைஸாவை அங்குமிங்கும் நடக்கச் சொன்னாள். கதிரையில் இருந்து எழும்பச் சொன்னாள். எந்தப் பக்கம் சாய்ந்து எழும்புகிறார் என்று பார்த்துவிட்டு, தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்து இடுப்பைத் தூக்குகிற பயிற்சி கொடுத்தாள். மறுநாள் தொடை மட்டும்தான் வலித்தது, யாரை எடுப்பது என்று றுமைஸாவுக்குத் தெரிந்துவிட்டது. ஷெரோமியை ஃபோனில் கூப்பிட்டார். "தங்கச்சி, நீங்கதான். ஹாஜியார் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கார். வந்து முறைப்படி சொல்லுவார்."

அவள் வீட்டில் வந்து சொன்னது, "கெடச்ச மாதிரிதான்." அவ்வளவுதான் சொன்னாள். சிசிலி அம்மா பரிசுத்த மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். றோலண்ட் மாமா மட்டும் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாராம். கிடைத்த மாதிரி என்றால் கிடைக்கவில்லை என்றுதானே அவருக்கு அர்த்தம். கைக்கு வந்தது வாய்க்கு வராமல் போனதை அவர் எத்தனை தடவை பார்த்தவர்.

இங்கேதான் தலைவர் வருகிறார்.

செல்லசாமி எங்கள் பகுதியின் தொழிற்சங்கத் தலைவர். வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய வாகனம், காதில் எந்நேரமும் ஃபோன். மோசமானவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வருவார், பெட்டியையும் தூக்குவார். ஆனால் தோட்டத்தில் எது நடந்தாலும் அது தன்னால்தான் நடந்தது என்பது அவர் கொள்கை. குழாயில் தண்ணீர் வந்தால் தலைவர் கொண்டுவந்தார். மழை பெய்தால் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் அப்படியே பழகிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு வேலை வேண்டுமா, வெற்றிலையை எடு, தலைவரைப் போய்ப் பார். படித்தாயா, பாஸ் பண்ணினாயா என்பதெல்லாம் அப்புறம்.

றோலண்ட் மாமா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வராமல் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார். வெறுங்கையோடு போகவில்லை. நத்தார் பண்டிகைக்கென்று வளர்த்த சேவலை விடியற்காலையிலேயே சாக்கில் கட்டி, ஜூட்சனின் ஆட்டோவில் வைத்திருந்தார். ஷெரோமிக்குத் தெரியாது, சிசிலி அம்மாவுக்கும் தெரியாது. பின்னேரம் சேவலைக் காணோமென்று அம்மா லயத்தைச் சுற்றித் தேடினார். "கீரி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் மாமா.

தலைவர் அன்றே ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்தார். "நம்ம புள்ள ஒண்ணு வந்துச்சாமே. பாத்து செய்ங்க." ஹாஜியாருக்கு என்ன நட்டம்? மனைவி ஏற்கெனவே அந்தப் பிள்ளையைத்தான் எடுத்திருக்கிறாள். கடை வாசலில் லொறியை நிறுத்திச் சாமான் இறக்குவதில் அவருக்கும் நகரசபைக்கும் இழுபறி. தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் உதவும். "ஆ, உங்க ஆளா சேர்? அப்ப முடிஞ்சது, நீங்க சொன்னாப் போதுமே" என்றார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்றால் இதுதான். தேங்காய் ஷெரோமியுடையது. உடைத்தது ஹாஜியார். புண்ணியம் தலைவருக்கு. றுமைஸா தன் வலிக்கிற முதுகை வைத்துப் பரீட்சை நடத்தி ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்தாரே, அது ஒரு ஃபோனில் இல்லாமல் போனது. இரண்டு பெண்கள் முடித்த காரியத்தை இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் வேலைக்குப் போன ஷெரோமியிடம் ஹாஜியார் சிரித்த முகத்தோடு சொன்னார். "தலைவர் சொன்னதாலதான் எடுத்தது. அவர் பேரக் காப்பாத்துங்க தங்கச்சி."

அன்று மாலை நான் கேக் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷெரோமி வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடி அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சேவல் எங்கப்பா?"

றோலண்ட் மாமா தரையைப் பார்த்தார். சிசிலி அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரக் கேட்டுப் போனீங்க? நான்தான் கெடச்ச மாதிரின்னு சொன்னேனே."

"மாதிரின்னுதானம்மா சொன்ன."

"அதுக்கு? நான் படிச்சது, பரீட்ச எழுதுனது, அந்த மேடம் என்னையப் புடிச்சுப்போயி எடுத்தது, ஒண்ணுமே ஒங்களுக்குக் கணக்கில்லையா?"

மாமாவுக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நமக்குக் கேக்காம யாரு என்னாத்தக் குடுத்தா, சொல்லு பாப்போம். எனக்கு ஸ்டோர்ல வேல கெடச்சது எங்கப்பா கங்காணி வீட்டு வாசல்ல போயி நின்னதால. இந்தக் கூரைக்குத் தகரம் வந்தது தலைவரு சொன்னதால. அழுத புள்ளைக்குத்தான் பாலு. ஏன், ஒன்னைய அட்டன்ல அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டதே அவரு ஒரு வார்த்த சொல்லித்தான்."

ஷெரோமி அடுப்படி வாசலிலிருந்து உள்ளே வந்தாள். "எனக்கு மார்க் இருந்துச்சேப்பா. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புல தோட்டத்துலயே கூட மார்க் எடுத்தது நாங்கதானே, நானும் யூஜினாவும்."

"இருந்துச்சு. மார்க்க யாரு பாப்பா? ஆளத்தான் பாப்பாங்க."

 கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நானும் அதே பரீட்சை எழுதி, அதே பள்ளிக்கூடத்துக்குப் போனவள். வீட்டுக்கு வந்து என் அப்பாவும் தலைவரிடம் போனாரா என்று அம்மாவிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பயமாக இருந்தது.

ஏதோ பெயர்தானே போயிற்று, வேலை இருக்கிறதே என்று சிலர் எனக்கே புத்தி சொன்னார்கள். போனது பெயர் மட்டுமில்லை. என்ன போனது என்று ஜிம்மில் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு பின்னேரம் நானும் அங்கே சேர்ந்திருந்தேன்.

ஆண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற லோஜன் என்று ஒருவன். ஒரு பையனை முதுகு வளைந்தபடி தூக்க விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "முதுகு நேரா இருக்கட்டும்" என்று ஷெரோமி சொன்னாள். "நீங்க தலைவர் ஆளு மிஸ், நாங்க கஷ்டப்பட்டு வந்தவங்க, எங்களுக்குத் தெரியும்" என்றான். இவனும் கண்டியில் அந்த இரண்டு நாள் சான்றிதழ் எடுத்தவன். இவனுடையது சுவரில் தொங்கியது. அவளுடையது ஹாஜியாரின் மேசை லாச்சியில் கிடந்தது. தலைவர் சொன்ன ஆளுக்குச் சான்றிதழ் எதற்கு?

அதுவும் பரவாயில்லை. தலைவரின் கொழுந்தியாள் வந்தாள் பாருங்கள். தலைவர் மனைவியின் தங்கை, அட்டனில் பெரிய வீடு. நல்ல பருமன், நீரிழிவும் உண்டு. சொந்தத்தில் ஒரு கல்யாணம் வருவதால் அதற்குள் மெலிய வேண்டுமாம். வந்த முதல் நாளே ஓடுகிற மெஷினில் ஏறி வேகத்தைக் கூட்டினாள். ஷெரோமி ஓடிப்போய் நிறுத்தினாள். சீனி எவ்வளவு இருக்கிறது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், காலில் புண் எதுவும் இருக்கிறதா என்று கேட்டாள். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை மெதுவாக நடக்கலாம் என்றாள். நல்லதைத்தான் சொன்னாள். அந்த அம்மா எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒன்னைய இங்க போட்டதே எங்க மச்சான்தான். எனக்கே ஏலாதுன்னு சொல்றியா?" என்றாள்.

ஹாஜியார் மேலே வந்தார். "அவங்க கேக்கிற மாதிரி செஞ்சு குடுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

போனது இதுதான். பயிற்சி கொடுக்கிறவளுக்கு முடியாது என்று சொல்கிற உரிமை வேண்டும். அது இல்லாவிட்டால் அவள் எடையை எடுத்துக் கொடுக்கிற ஆள். அந்த வங்கிப் பெண்ணைப் போல இன்னொருத்தி தன் கண்முன் விழக்கூடாது என்றுதான் ஷெரோமி இந்த வேலைக்கே வந்தாள். சேவலோடு சேர்த்து அந்த உரிமையையும் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் அவளுடைய அப்பா. அன்றைக்கு அவள் மெஷினின் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா திட்டிக்கொண்டே போனாள். எத்தனை நாளைக்கு இப்படி நிற்க முடியும் என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் சங்கம் லிந்துலையில் பாராட்டு விழா வைத்தது. தலைவரின் முயற்சியால் வேலை பெற்ற இளைஞர் யுவதிகளுக்குப் பொன்னாடை. நோட்டீஸில் ஷெரோமியின் படம் முதலாவதாக இருந்தது. நான் போகாதே என்றேன். ஆனால் றோலண்ட் மாமா கெஞ்சினார். "இந்த வருசம் நம்ம டிவிஷனுக்கு வீடு வருதும்மா. லயத்த விட்டு வெளிய போயிரலாம். வந்து சும்மா நின்னுட்டு வந்திரு. ஒரு துணிதானே." எங்கள் பக்கம் அரசாங்கத்தின் தனி வீடு வருவதென்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. அப்பா கெஞ்சியதற்காக அவள் வருகிறேன் என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. தப்பு அடித்து, மாலை போட்டுத் தலைவரை அழைத்து வந்தார்கள். மாமா முன்வரிசையில் கோயிலுக்குப் போகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் ஷெரோமியைக் கூப்பிட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்கிற மாதிரி தலைவர் இரண்டு கையாலும் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். அவள் பின்னால் நகர்ந்து மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா இந்த வேலைக்கு இதப் போடக்கூடாதுங்க. ஐயா ஃபோன் எடுக்க முந்தியே றுமைஸா மேடம் என்னையப் பரீட்ச வச்சுப் பாத்து எடுத்துட்டாங்க. நான் கண்டிக்குப் போயி படிச்சுப் பாஸ் பண்ணிதான் வந்தேன். இங்க இருக்கிற புள்ளைங்களும் அப்படி வரலாம். அத மட்டும் சொல்லத்தான் வந்தேன்."

 இப்போது மண்டபம் எழுந்து கைதட்டும் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தலைவர் மைக்கை மெதுவாக வாங்கி, "புள்ளைக்கு அடக்கம் பாருங்க. நம்ம தோட்டத்து வளர்ப்பு அப்படி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னாடையைப் போட்டார். ஃபோட்டோக்காரன் படம் எடுத்தான். தப்பு அடித்தார்கள். சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை.

ஷெரோமி பொன்னாடையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, தலைவரின் கதிரைக் கையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அது மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. தப்பு நின்றது. றோலண்ட் மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்தாரா என்று கேட்கவே வேண்டாம். ஹாஜியார் ஷெரோமியிடம், "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க தங்கச்சி, சூடு ஆறட்டும்" என்றார். மறுநாள் பின்னேரம் நாங்கள் வழக்கம்போலப் போனோம். ஷெரோமி இல்லை. றுமைஸா மட்டும் இருந்தார். கணவரை மேலே வரச்சொல்லி, எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"அந்தப் பிள்ளையை எடுத்தது நான். உங்களுக்கு ஃபோன் வர முந்தியே உங்களுக்குச் சொல்லிட்டேன். ஆமாவா இல்லையா?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"பிறகு ஏன் அந்த ஆளுக்கு நீங்க சொன்னாப் போதும்னு சொன்னீங்க? என் முதுகப் பாத்து எடுத்த ஆள் அது. தலைவருக்கு முதுகு வலியா? இது பொம்பளைங்க நேரம். அந்தப் பிள்ளை வராட்டி நான் மாடியப் பூட்டிட்டுப் போறேன். இவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

ஹாஜியார் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் போகவில்லை. அவர் வியாபாரி, எந்தப் பக்கம் கனம் என்று பார்க்கத் தெரிந்தவர். அந்த வாரமே ஷெரோமி திரும்பி வந்தாள். றுமைஸா லாச்சியிலிருந்து சான்றிதழை எடுத்துத் தானே ஆணி அடித்து மாட்டினார். தலைவரின் கொழுந்தியாள் வருவதை நிறுத்திவிட்டாள். லோஜன் இப்போது முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறான்.

சரி, வென்றுவிட்டாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு மாதம் கூடப் போகவில்லை.

லோஜன்தான் முதலில் வாயைத் திறந்தான். என்னிடம் தனியாக வந்து, "டீச்சர், ஷெரோமி மிஸ்ஸுக்கு மேல ஆள் இருக்கில்ல? என் தம்பிக்கு ஒரு வேல விசயமாச் சொல்லணும்" என்றான். என்ன ஆள் என்றேன். "சும்மா சொல்லாதீங்க. தலைவர மேடையில அவமானப்படுத்தியும் வேல போகல. சும்மா ஆளா?" பஸ்ஸில் கேட்டேன், கொழும்பில் ஒரு மந்திரியாம். கோயிலில் கேட்டேன், வெளிநாட்டுச் சபையாம். தலைவரே நம்புகிறார் போலிருக்கிறது. வழியில் ஷெரோமியைக் கண்டால் வாகனத்தை நிறுத்திச் சுகம் விசாரிக்கிறார். ஒரு பிள்ளை படித்தாள், பாஸ் பண்ணினாள், வேலையைச் சரியாகச் செய்கிறாள் என்பதை நம்ப இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. செல்லசாமியை வேண்டுமானால் நம்பாமல் விடுவார்கள், அவரைவிடப் பெரிய செல்லசாமியைத்தான் நம்புவார்கள்.

போன ஞாயிறு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். டிவிஷனில் வீட்டுக்கு நிலம் வெட்டுகிறார்கள். இவர்களுக்குக் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது, தலைவரைக் கேட்க மாமா போகவுமில்லை. ஷெரோமி அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்துத் தோளைச் சுற்றப் பழக்கிக்கொண்டிருந்தாள். மாமா ஸ்டோருக்குப் போகப் புறப்பட்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார்.

"அம்மா, வெளிய ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார் மகளிடம், மிகவும் மெதுவாக. "அந்தாளு யாருன்னு எனக்கு மட்டும் சொல்லு. போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்திர்றேன்."

ஷெரோமி அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். "யாரும் இல்லப்பா. நான்தான்."

மாமா கோபப்படவில்லை. பெரிய மனிதர்களின் விஷயத்தை வெளியில் சொல்லாத மகளின் பொறுப்பை மெச்சுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"சரிம்மா. சொல்லக்கூடாதுன்னா சொல்லாத" என்றுவிட்டு வேலைக்குப் போனார்.